கையெழுத்து வேறு, எழுத்துப்பிழை வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிள்ளைகளின் கையெழுத்துக் கெட்டுப்போனதற்குக் கைப்பேசியே காரணம் என்றும், நாள்தோறும் நான்கு பக்கம் பார்த்து எழுத வைத்தால் கையெழுத்தும் திருந்தும், எழுத்துப்பிழையும் ஒழியும் என்றும் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அண்மையில் அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய அக்கறையில் எனக்கு ஐயமில்லை. ஆனால், எழுதத் திணறுகிற பிள்ளை இருக்கும் வீட்டில் அந்த யோசனையை அப்படியே கைக்கொண்டால், பிள்ளை நோட்டைக் கண்டாலே ஓடி ஒளிகிற நிலைதான் வரும் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் ஆசிரியன் அல்லன். காரைக்குடியில் மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். மகளும் மருமகனும் வெளிநாட்டில் வேலை பார்ப்பதால், மகள் வயிற்றுப் பேரன் பள்ளத்தூரில் எங்களிடம் இருந்து நான்காம் வகுப்புப் படிக்கிறான். பெற்றோர் தொலைவில் இருக்க, ஐயாவும் ஆயாவும் (தாத்தாவும் பாட்டியும்) உட்கார்ந்து வீட்டுப்பாடம் பார்க்கிற வீடுகள் செட்டிநாட்டு ஊர்களில் தெருவுக்குத் தெரு உண்டு. அவர்களை நினைத்தே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்; இடம் போதாவிட்டால் தாங்கள் சுருக்கிக்கொள்ளலாம்.

முதலில் 'இம்பொசிஷன்' என்கிற வழக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 'முயற்சி' என்பதை 'முயற்ச்சி' என்று எழுதியதற்காக, சரியான சொல்லை இருபது தடவை எழுதி வரும்படி பேரனுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவன் எழுதுவதை அருகில் இருந்து பார்த்தேன். பக்கத்தின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக 'மு' மட்டும் இருபது எழுதினான், அடுத்த வரிசையில் 'ய' இருபது, பிறகு 'ற' இருபது, அதன்பின் 'சி'. கடைசியில் மேலே போய் றகரத்தின் தலையில் புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே இறங்கினான். நடுவில் சில வரிகளில் புள்ளி விழவில்லை. பக்கம் நிரம்பிவிட்டது, ஆனால் அந்தச் சொல்லை அவன் ஒரு தடவைகூட எழுதவில்லை. இதை நான் அவனுடைய கள்ளத்தனமாகக் கருதவில்லை. கை வலிக்கிற பிள்ளை வேலையை முடிக்கக் கண்டுபிடிக்கும் வழி இதுதான். நம் தலைமுறையிலும் இப்படி எழுதாதவர் குறைவு.

எழுதுவது ஒரே வேலைபோலத் தோன்றினாலும் அதற்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. எழுத்தின் வடிவத்தைக் கோட்டுக்குள் நிறுத்துவது ஒன்று. அது பெரிதும் கையின் பழக்கம். எந்த எழுத்தை அடுத்து எந்த எழுத்து என்று நினைவிலிருந்து எடுப்பது மற்றொன்று; அது காதும் கண்ணும் நினைவும் சேர்ந்து செய்வது. கை பழகிய பிள்ளைக்கு முதல் வேலை தானாக நடக்கும், கவனம் முழுவதையும் இரண்டாவதற்குக் கொடுக்கலாம். கை பழகாத பிள்ளைக்கோ ழகரத்தின் கீழ்ச்சுழியை முடிப்பதற்குள்ளேயே அடுத்து வரவேண்டிய எழுத்து மறந்துபோகிறது. நாம் அந்த நேரத்தில், "கோட்டை விட்டு வெளியே போகாதே" என்றும் "இது என்ன 'ல', பெரிய 'ள' இல்லையா" என்றும் ஒரே மூச்சில் சொன்னால் அவன் எதைத்தான் பார்ப்பான்? கடைகளில் அன்றாட வரவுசெலவைச் சிட்டையில் கிறுக்கலாகவேனும் தவறில்லாமல் குறித்துவைத்துக்கொண்டு, பிறகு ஆற அமரப் பேரேட்டில் அழகாக ஏற்றுவோம். அந்த ஒழுங்கைத்தான் பிள்ளை விஷயத்திலும் நான் கேட்கிறேன். கையெழுத்துப் பழகும்போது அவனுக்கு நன்றாகத் தெரிந்த சொற்களை மட்டும் கொடுத்து, வடிவத்தை மட்டும் பார்க்க வேண்டும். சொற்பிழை திருத்தும்போது சிலேட்டிலோ எழுத்தட்டைகளை அடுக்கியோ வாயாலோ செய்யச் சொல்லி, கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதிருக்க வேண்டும்.

கையெழுத்தைப் பொறுத்தவரை, பென்சிலைக் கையில் கொடுப்பதற்கு முன்பு பிள்ளை எப்படி உட்கார்ந்திருக்கிறான் என்று பார்க்க வேண்டும். பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) சம்மணமிட்டு, நோட்டைத் தரையில் வைத்து, முதுகை வில்லாக வளைத்து எழுதும் பிள்ளையின் உடல் பாரமும் அந்த எழுதும் கைமீதே இறங்குகிறது. நாற்காலி என்றால் பாதம் தரையில் ஊன்ற வேண்டும்; கால் எட்டாவிட்டால் அடியில் ஒரு மணையைப் போடலாம். தரைதான் வசதி என்றால், கணக்கெழுதுபவர்கள் வைத்திருந்த சாய்ந்த மூடி போட்ட மேசைப்பெட்டியைப் போல ஒன்று இருந்தால் மிகவும் நல்லது. அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் எழுதத் திணறும் பிள்ளைகளுக்குச் சுமார் 20 பாகை சாய்ந்த பலகையைப் பரிந்துரைக்கிறார்கள். நம் வீடுகளில் இருந்த அந்தப் பெட்டிகளோ காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போய், அங்கிருந்து எங்கெங்கோ வரவேற்பறை அலங்காரமாகப் போய்க்கொண்டிருக்கின்றன. பெட்டி இல்லாத வீட்டில் இரண்டு தடித்த புத்தகங்களின்மேல் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தாலே போதும். நோட்டை நேராக வைக்காமல், வலக்கைக்காரப் பிள்ளைக்கு அதன் தலைப்பக்கம் சற்று இடப்புறமும், இடக்கைக்காரப் பிள்ளைக்குச் சற்று வலப்புறமும் சாய்ந்திருக்கும்படி வைக்க வேண்டும். இடக்கைப் பிள்ளையை வலக்கைக்கு மாற்ற முயலும் பெரியவர்கள் இன்னும் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு எந்தக் கை என்பதை வீட்டு வழக்கப்படி வைத்துக்கொள்ளட்டும், எழுதும் கையில் கைவைக்க வேண்டாம்.

பென்சிலைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்க, நடுவிரல் தாங்க வேண்டும். முஷ்டியாகப் பிடிக்கிற பிள்ளைக்கு நீளப் பென்சிலைக் கொடுத்து விரலை விரலாக நிமிர்த்திக்கொண்டிருப்பதைவிட, ஓர் அங்குலச் சாக்பீஸையோ உடைந்த சிலேட்டுக் குச்சியையோ கொடுத்துவிடலாம். அவ்வளவு சிறிய துண்டை முஷ்டியால் பிடிக்க முடியாது, விரல்கள் தாமாகவே இடத்துக்கு வந்துவிடும். அழுத்தி அழுத்தித் தாளைக் கிழிக்கிற பிள்ளைக்கு 2பி பென்சில் பொருந்தும். மென்மையான கரி என்பதால் அழுத்தாமலே கறுப்பாக விழும். இரட்டைக்கோடு நோட்டில் கோட்டகலம் குறுகலாக இருந்தால் அகலக்கோடு உள்ளதை வாங்கித் தரலாம். ஜெல் பேனா இப்போதைக்கு வேண்டாம், வழுக்கிக்கொண்டு ஓடும்.

விரலுக்கு வலுவூட்ட நம் வீட்டு வேலைகளைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. சின்ன வெங்காயம் உரிப்பது, ஈரத்துணி பிழிவது, கொடியில் கிளிப் மாட்டுவது, மாக்கோலத்துக்குத் துணியை நனைத்து விரலிடுக்கில் மாவுநீரை ஒழுக விடுவது, ஓலைக் கொட்டான் (கூடை) பின்னுவது என எல்லாமே விரல்நுனிக்கான வேலைகள். எங்கள் வீட்டில் சீப்புச் சீடைக்கு மாவுப்பட்டையைத் துண்டாக்கி, விரலில் சுற்றி, இரு முனைகளையும் ஒட்டும் வேலை பேரனுடையது. அவனுடைய முதல் ஈட்டுச் சீடைகள் எண்ணெயில் விட்டுப்போய் நீண்டு மிதந்தன. ஆயா அவற்றைத் தனியாக எடுத்து அவனுக்கே கொடுத்துவிட்டாள். அடுத்த ஈட்டில் முனைகளை அவனாகவே இறுக்கி ஒட்டினான். பையனை அடுப்படி வேலைக்கு விடுவதா என்று கேட்கும் உறவினர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

எழுத்துகளையும் அகர வரிசையில் பழக்க வேண்டியதில்லை. ட, ப, ம, ய போன்ற கோட்டெழுத்துகள் எளியவை. அவற்றைக் கை உறுதியாகப் பிடித்தபின் வளைவும் சுழியும் உள்ளவற்றுக்குப் போகலாம். இரண்டு சுழி 'ன', மூன்று சுழி 'ண' என்று வாயால் சொல்லிக்கொண்டே ரவை பரப்பிய தட்டில் விரலால் எழுதுவது, ஒரு பக்கம் பார்த்து எழுதுவதைவிட நன்றாகப் பதிகிறது. உகரம் ஏறும்போது கு, சு, டு, து, மு, ரு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைவதால் அங்கே ஒரே விதியைச் சொல்லிக்கொடுக்க முடியாது. குடம், சுவர், துணி, முறம் என்று பார்த்துப் பழகிய பொருள்களின் பெயர்களோடு ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். நாளுக்குப் பத்து நிமிடம், ஐந்தாறு வரி. அந்த வரிகளில் எது நன்றாக வந்திருக்கிறது என்று பிள்ளையையே வட்டமிடச் சொன்னால் அவன் தேர்வு பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

எழுத்துப்பிழைக்கு வருகிறேன். இங்கே பெரியவர்கள் முதலில் செய்ய வேண்டியது திருத்துவது அன்று, பிழைகளை இனம் பிரிப்பது. பேரனின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, அவன் தவறாக எழுதிய சொற்களை மட்டும் தனித்தாளில் பெயர்த்து எழுதிப் பார்த்தேன். கண்டபடி சிதறிக் கிடப்பதுபோலத் தெரிந்தவை மூன்று வகைக்குள் அடங்கிவிட்டன.

ஒன்று, கொம்பும் காலும் இடம் மாறுவது. 'கொடு' என்ற சொல்லில் காதில் முதலில் விழுவது ககர ஒலி. ஆனால் கை முதலில் எழுத வேண்டியது ஒற்றைக்கொம்பு. பிள்ளை காதின் வழியே போய் 'க' எழுதி, காலையும் போட்டுவிட்டு, பிறகு கொம்பை எங்கேயாவது இடுக்குகிறான். 'கோடு' என்றால் இரட்டைக்கொம்பா ஒற்றைக்கொம்பா என்ற குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. இதற்குக் கொம்பும் காலும் மட்டும் எழுதி நடுவில் இடம் விட்ட அட்டைகள் செய்துகொடுத்தேன். நடுவில் 'க' போன்ற புள்ளியில்லாத எழுத்தட்டையை வைத்து, குறிலா நெடிலா என்று உரக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். எனக்குச் செலவானது பழைய கல்யாணப் பத்திரிகைகள்தாம். நம் ஊரில் அவற்றுக்குப் பஞ்சமில்லை.

இரண்டாவது, ஒற்றெழுத்தை, அதாவது புள்ளியெழுத்தை, விழுங்குவது. 'பட்டம்' என்பது 'படம்' ஆகிறது, 'பாட்டு' 'பாடு' ஆகிறது. இது கண்ணின் பிழையன்று; ஒலியைப் பிரித்துக் கேட்கக் காது இன்னும் பழகவில்லை. எழுதுவதற்கு முன் சொல்லைத் தாளம் தட்டிச் சொல்ல வைத்து, பட்-டம் என்று முதல் தட்டில் நாக்கு எங்கே நிற்கிறது என்று கேட்டால் பிள்ளையே புள்ளியெழுத்தைக் கண்டுபிடித்துவிடுவான்.

மூன்றாவது, காதுக்கு ஒன்றுபோல ஒலித்து மயக்கும் மயங்கொலிகள், ண ன ந, ல ழ ள, ர ற. இதில் நம் வட்டாரத்துப் பிள்ளையைக் கடிந்துகொள்வது நியாயமே இல்லை. வீட்டில் நாம் எல்லோரும் 'வாளப்பளம்' என்று பேசிக்கொண்டு, அவன் 'வாளைப்பளம்' என்று எழுதினால் குற்றம் என்கிறோம். அவன் காதுக்கு உண்மையாகவே எழுதியிருக்கிறான். பேச்சை மாற்ற வேண்டாம். எழுதும் வேளைக்கு மட்டும் எழுத்தில் உள்ளபடி முழுக்க உச்சரிக்கும் ஒரு வாசிப்புக் குரலைப் பழக்கினால் போதும். அதோடு சில விதிகள் உண்மையாகவே கைகொடுக்கின்றன. டகரத்துக்கு முன் மூன்று சுழி, வண்டு. றகரத்துக்கு முன் இரண்டு சுழி, கன்று. தகரத்துக்கு முன் நகரம், பந்து. ரகரம் இரட்டிக்காது, காற்று, வெற்றி, நெற்றி என இரட்டித்து வந்தால் அது றகரம்தான். ற், ட் இரண்டையும் அடுத்து இன்னொரு புள்ளியெழுத்து வராது. ஆகையால் முயற்சி, பயிற்சி, காட்சி, ஆட்சி. இந்தக் கடைசி விதியைச் சொல்லிக்கொடுத்தபின் 'பயிற்ச்சி மையம்' என்று விளம்பரப் பலகை தொங்கும் தெரு வழியே போனால் பிள்ளை கண்டுபிடித்துச் சொல்வதைக் கேட்கலாம். ஊர்ப் பலகைகள் திருந்தாமல் பிள்ளைகள் மட்டும் திருந்த வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம் என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது.

விதிக்கு அடங்காதவற்றைப் பொருளோடு கட்டிவிட வேண்டும். "நேற்று ஆயா உப்புக்கரி செய்தாள்" என்று பேரன் நாட்குறிப்பில் எழுதியிருந்தான். கரி அடுப்பில் இருப்பது, கறி சட்டியில் இருப்பது என்று சொன்னபோது, தன் சமையல் கரிந்துபோனதாக எழுதிவிட்டானே என்று என் மனைவிதான் முதலில் சிரித்தாள். அந்தச் சொல்லில் அவன் பிறகு தடுமாறவில்லை. ஒரு வேளைக்கு நான்கைந்து சொற்களுக்கு மேல் எடுப்பதில்லை: பார்க்க வேண்டும், உரக்கச் சொல்ல வேண்டும், மூட வேண்டும், மூடியபடியே எழுத வேண்டும், திறந்து தானே ஒப்பிட வேண்டும். பார்த்துக்கொண்டே எழுதுவதில் நினைவுக்கு வேலையில்லை. மூடி எழுதுவதில்தான் இருக்கிறது. பிழை வந்தால் சொல் முழுவதையும் சிவப்பு மையால் அடிக்காமல், பிழையான ஓரெழுத்தை மட்டும் காட்டினால் போதும். ஆறெழுத்துச் சொல்லில் ஐந்து எழுத்துச் சரியாக எழுதியவனுக்கு அந்த ஐந்தும் தெரிய வேண்டும்.

வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொள்வதற்கு முன் பள்ளியில் படித்த நம்மில் பலர், மளிகைச் சீட்டில் இன்றும் லை, ணை, னை ஆகியவற்றைப் பழைய தும்பிக்கைக் கொம்போடும், றா, னா ஆகியவற்றைப் பழைய சுழியோடும் எழுதுகிறோம். திணறுகிற பிள்ளைக்கு எழுதிக் காட்டும்போதாவது பாடநூலில் உள்ள வடிவத்தையே எழுத வேண்டும். ஆங்கிலத்தைப் பற்றி இங்கே நான் விரிக்கவில்லை. அதில் ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவே வேறு என்பதால், தமிழில் பிழைவிடும் பிள்ளையை அதே மாலையில் ஆங்கிலச் சொற்களையும் எழுத வைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்வேன்.

இவ்வளவு செய்தும் மாறாத பிள்ளைகள் உண்டு. எழுதப் பழகும் வயதில் எழுத்தைத் திருப்பிப் போடுவது இயல்பு. ஏழெட்டு வயதைக் கடந்தும் அது தொடர்ந்து, வாசிப்பதிலும் திணறி, வாயால் கேட்டால் மட்டும் பாடம் முழுவதையும் தெளிவாகச் சொல்கிற பிள்ளையாக இருந்தால், முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்க வேண்டும். அவற்றில் குறையில்லை என்றால் டிஸ்லெக்சியா (வாசிப்பதில் தடுமாற்றம்), டிஸ்கிராஃபியா (எழுதுவதில் தடுமாற்றம்) எனப்படும் கற்றல் குறைபாடா என்று உரியவர்களிடம் காட்ட வேண்டும். இது அறிவுக் குறைவு அன்று, சோம்பலும் அன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளுள் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. சான்று பெற்றவர்களுக்குப் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதும் உதவியாளர் போன்ற சலுகைகள் உள்ளன. ஆனால் நம் பக்கத்தில் "நாளைக்குச் சம்பந்தம் பேசும்போது இது ஒரு பேச்சாகிவிடும்" என்று பத்தாம் வகுப்பு வரை மூடிவைத்துவிட்டு, தேர்வு நெருங்கும்போது சான்றிதழுக்கு அலைகிறார்கள். அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் பிள்ளை வாங்கிய திட்டுகளுக்குக் கணக்கே இருக்காது.

பள்ளிகளிடம் கேட்பதற்கு இரண்டு உண்டு. எழுத்துப்பிழைக்கு இம்பொசிஷன் கொடுப்பதை விட்டுவிட்டு, அதே சொற்களை மறுநாள் வாயால் எழுத்துக்கூட்டிக் கேட்கட்டும். ஆசிரியருக்கும் திருத்தும் வேலை மிச்சம். அறிவியலிலும் சமூக அறிவியலிலும் விடை சரியாக இருந்தால் கையெழுத்துக்காக மதிப்பெண் குறைக்காதிருக்கட்டும். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடைபெறும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். வகுப்பைப் பார்க்காமல் பிள்ளை நிற்கும் இடத்தைப் பார்க்கும் அந்த நோக்கம், கட்டணம் வாங்கும் பள்ளிகளுக்கும் வந்தால் நல்லது.

பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையங்களில், இத்தகைய பிள்ளைகளுக்கு உதவும் சிறப்புப் பயிற்றுநர்கள் இருப்பது நம் பெற்றோரில் பலருக்குத் தெரியாது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்விக்கென ஒரு துறையே இருக்கிறது. இவ்விரு தரப்பினரும் கூடி, மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் பிள்ளையின் நோட்டோடு வந்து காட்டி ஆலோசனை கேட்கும்படி ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். புதுவயல், கண்டனூர், கோட்டையூர்ப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்குப் பேருந்து வசதி உண்டு. மதுரைக்கும் சென்னைக்கும் பிள்ளையை அழைத்துக்கொண்டு போக முடியாத முதியவர்கள்தான் இங்கே மிகுதி. அப்படி ஒரு நாள் முடிவானால், அதைத் தங்கள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் முன்கூட்டியே வெளியிட்டு உதவ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.